நஃபீலாவுக்கு ஒரு வீடு

வீடு தேடி அலைந்த ஒருத்தியின் கதை இது. பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கேள்வி கடைசியில்தான் வருகிறது.

பல்கீஸைப் புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் முபாரக்குக்குக் கோபம் வந்தால் கைதான் பேசும். அடிக்குப் பயந்து அவள் அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொள்வது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து, குளியலறைக் கதவு உட்பட வீட்டிலிருந்த உள்தாழ்ப்பாள்கள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டான். அன்றைக்கே அவள் கிளம்பிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள மட்டும் அவன் விடவில்லை.

பெற்றவர்கள் உயிரோடு இல்லை. அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் ஒண்டியிருந்தாள். மதினியின் முகம் மாறத் தொடங்கியதும் திருச்சிக்கு வந்து, ஒரு ஸ்கேன் சென்டரில் வேலையும் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் பிடித்துக்கொண்டாள். ஜமாஅத்தில் பேசி மணமுறிவும் ஆயிற்று. ஆறு வயது நஃபீலாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஜமாஅத் தலைவர் சொன்னார்:

"பிள்ளை தாய்கிட்ட இருக்கிறதுதாம்மா முறை. ஆனா ஹாஸ்டல்ல எப்படி வச்சுக்குவ? பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள ஒரு வீடு பிடிச்சுட்டு வா, கூட்டிட்டுப் போ. இல்லைன்னா அது தகப்பன் வீட்டுலயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு பல்கீஸுக்கு வேறு நினைப்பே இல்லை. தெருவில் எந்த வீட்டு மாடியில் சின்னக் கவுன் காய்ந்தாலும் நின்று பார்ப்பாள். இரண்டு பேர் படுக்க ஓர் அறை, அதற்கு உள்ளே தாழ் போட ஒரு கதவு, இவ்வளவுதான் அவள் கேட்டது. பிள்ளை போனில் பேசும்போது, "அம்மா, என் பேரை நானே எழுதிட்டேன். 'ஃ' மட்டும் கொஞ்சம் பெரிசாப் போச்சு. நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டது. "இதோ வந்துடுவேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

முதலில் சிவஞானம் என்பவரின் வீடு. ஓய்வு பெற்ற அதிகாரி, நல்ல மாதிரி. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். பெயரைக் கேட்டதும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உங்க ஆளுங்களுக்கு விடுறதில்ல. எனக்கு ஒண்ணுமில்ல, மத்த குடித்தனக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

நம் ஆட்களிடமே போய்விடலாம் என்று பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். அங்கே வஹாப் ஹாஜியாருக்கு நாலு வீடு வாடகைக்கு இருந்தது. விவரம் கேட்டார், உச்சுக்கொட்டினார், கடைசியில் தாடியைத் தடவிக்கொண்டு, "புருஷன் இல்லாத பொண்ணு தனியா இருந்தா தெரு சும்மா இருக்குமா? அந்தத் தம்பிகிட்ட நான் பேசிப் பார்க்கிறேன். சேர்ந்து வாழுங்க, வீடு நான் தர்றேன்" என்றார். அவள் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல், அவள் அண்ணனிடம் முபாரக்கின் நம்பர் வாங்கிப் போன் போட்டு, ஹாஸ்டல் பெயரையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை முபாரக் ஹாஸ்டல் வாசலில் நின்றான். அதுவரை அவள் எந்த ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரு கூடும்படி அவன் ஏசிய ஏச்சை இங்கே எழுத எனக்கு மனமில்லை. வாட்ச்மேன்தான் அவனை விரட்டிவிட்டார்.

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. கூட வேலை பார்க்கும் கோமதி அவளைத் தனியே அழைத்தாள். கோமதியின் வீட்டு மாடிப் பகுதி காலியாக இருந்தது. காற்று வரும், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவிலேயே. சாவியை எடுத்து பல்கீஸின் கையில் வைத்த பிறகுதான் கோமதி மீதியைச் சொன்னாள்.

"ஒரே ஒரு விஷயம் பல்கீஸ். போன தடவை ஒரு பாய் குடும்பத்துக்கு விட்டு, தெருவே என்கிட்ட சண்டைக்கு வந்துச்சு. அதனால வெளிய வர்றப்ப முக்காடு வேணாம்டி. சின்னதா ஒரு பொட்டு வச்சுக்க. பாப்பாவை நிலான்னு கூப்பிடு. பள்ளிக்கூடத்துலயும் அதே பேரு இருக்கட்டும், அங்க பூரா எங்க தெருப் பிள்ளைங்கதான். நல்ல பேருதானே?"

"அவ இப்பத்தான்க்கா பேரெழுதப் படிச்சிருக்கா" என்றாள் பல்கீஸ். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாவியை வைத்துக்கொண்டால் பிள்ளை கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை தன் பெயரை ஒளித்துக்கொண்டு வளரும். மறுத்தால் பெயர் இருக்கும். பிள்ளை அடிக்கிறவன் வீட்டில் இருக்கும். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: கையிலிருந்த அந்தச் சாவியை பல்கீஸ் வைத்துக்கொண்டது சரியா, திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா?

விடை: இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தாய்ப்பாசம் என்றார்கள் சிலர், மானம் என்றார்கள் சிலர். எல்லோரும் பல்கீஸைத்தான் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். தாழ்ப்பாளைக் கழற்றியவனையோ, காபி கொடுத்து அனுப்பியவரையோ, போன் போட்டுக் காட்டிக்கொடுத்தவரையோ, சண்டைக்கு வந்த தெருவையோ ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நானும் கேள்வியை அப்படித்தான் போட்டேன், நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்க்க. அவள் சாவியை வைத்துக்கொண்டாள். நஃபீலா இப்போது அவள் பக்கத்தில்தான் தூங்குகிறாள், நிலா என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறாள். ஆனால் பல்கீஸ் வீடு தேடுவதை நிறுத்தவில்லை. வாசலில் நின்று மகளை உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்கிற வீடு உங்கள் தெருவில் காலியாக இருந்தால், அதுதான் விடை.