இருவருக்கும் பொதுவான சத்தியம்

வெகு காலத்துக்கு முன்னால், ஆழித்துறை என்ற கடலோர நாட்டை இளவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. விடுகதை ஒன்று கிடைத்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். அந்த விடுகதைக்குள் ஒரு மனுஷனுடைய பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கடலில் முத்துக் குளிக்கிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. சேகுமீரான் மூச்சடக்கி இறங்குவான். தோணியில் இருந்து அவன் கயிற்றைப் பிடித்திருப்பவன் சந்தியாகு. ஒருநாள் இவர்களுக்குப் பெரிய முத்து ஒன்று கிடைத்தது. பெரிய முத்தெல்லாம் ராஜாவுக்கு என்பது வழக்கம். கரையில் அவற்றை வாங்கி வைப்பவர் வித்தகராயர் என்ற அரசவைப் புலவர். மீரான் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் வித்தகராயர் அரசவையில் வந்து, "முத்து என்னிடம் வரவே இல்லை மன்னா. மீரான் ஒளித்துவிட்டான்" என்றார். முத்து கிடைத்ததைத் துறையே பார்த்தது. கொடுத்ததைப் பார்த்தவன் சந்தியாகு ஒருவன்தான். திருடினவனுக்கு வலது கை போகும். முத்துக் குளிக்கிறவனுக்குக் கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

"நான் பாத்தேன் ராசா. சத்தியம் பண்ணுதேன்" என்றான் சந்தியாகு.

வித்தகராயர் சிரித்தார். "ஒருவனுக்காக இன்னொருவன் செய்யும் சத்தியம் இருவருக்கும் பொதுவான தெய்வத்தின் மேல் இருக்க வேண்டும். அதுதானே நம் நாட்டுச் சட்டம்? இவன் மாதா கோயில், அவன் பள்ளிவாசல். பொது எங்கே இருக்கிறது? இல்லை, இருவருக்கும் கடவுள் ஒன்றுதான் என்றால் ஒரு கடவுளுக்கு இரண்டு வீடு எதற்கு? ஒன்றை இடித்துவிடலாமே."

கோயில், பள்ளிவாசல் இரண்டுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தவர் மந்திரி திருமேனி. புலவர் குறிவைத்தது அவரைத்தான். அது தெரியாத ராஜா துள்ளி உட்கார்ந்தான். "அருமையான கேள்வி! மந்திரியாரே, ஒன்றா, வேறா? ஒன்று என்றால் ஒரு வீட்டை இடிப்பேன். வேறு என்றால் மீரான் கையை வெட்டுவேன்."

திருமேனி மாதா கோயில் சாமியாரையும் பள்ளிவாசல் லெப்பையையும் வரவழைத்தார்.

சாமியார் சொன்னார்: "வானத்தையும் கடலையும் படைத்தவர் ஒருவர்தான். ஆனால் அவரை நாங்கள் அவருடைய குமாரன் மூலமாக அறிந்திருக்கிறோம். அதை மறைத்து ஒன்றுதான் என்று சொல்ல என்னால் முடியாது."

லெப்பை சொன்னார்: "இப்ராகீம் நபியைப் படைத்தவனைத்தான் தொழுகிறோம். அவன் ஒருவன். ஆனால் அவனுக்கு மகன் உண்டு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மீரான் என் தங்கை மகன். அவன் கைக்காகக்கூட நான் அதைச் சொல்ல மாட்டேன்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீர்களா, வேறு வேறு" என்றார் வித்தகராயர். "இவன் அங்கே போய்ச் செய்யும் சத்தியம் வெறும் காற்று."

"காற்றுதானே? சோதித்துப் பார்த்துவிடலாம்" என்று திருமேனி எழுந்தார். சபையே பின்னால் வர, பள்ளிவாசல் வாசலில் சந்தியாகுவை நிறுத்தினார். "இங்கே நின்று, மீரான்தான் திருடினான் என்று அவன் இறைவன் மேல் ஆணையிட்டுச் சொல். உனக்கு ஒரு புதுத் தோணி தருகிறேன். உன் சாமி இல்லையே, உனக்கு என்ன?"

சந்தியாகு தலையை ஆட்டினான். "மாட்டேன் சாமி. அவன் தொழுகிற மாதிரி எனக்குத் தொழத் தெரியாது. ஆனா இங்க நின்னு நான் பொய் சொன்னா, அது என் ஆண்டவர் காதுலதான் விழும்."

அடுத்து மாதா கோயில் வாசலில் மீரான். "சந்தியாகுதான் திருடன் என்று இங்கே ஆணையிடு. உன் கை தப்பிக்கும்."

மீரான் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நான் சிலுவையைக் கும்பிடுதவன் இல்ல. ஆனா இந்த வாசல்ல சொல்லுத பொய், என்னைப் படைச்சவனுக்குக் கேக்காமலா போகும்? வெட்டிக்கோங்க."

திருமேனி திரும்பினார். "புலவரே, இவர்கள் இருவருக்கும்தான் பயம். உமக்கு இது வெறும் காற்று. இங்கேயோ அங்கேயோ, உம் இஷ்டம். முத்தை நான் வாங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்."

ஆயிரம் பாட்டு பாடிய வாய் அது. ஆனால் அந்த ஒரு பொய்க்கு அது துணியவில்லை. கோயில் வாசலைப் பார்த்தார், பள்ளிவாசலைப் பார்த்தார். கடைசியில் இடுப்பு மடியில் இருந்து முத்தை எடுத்து ராஜாவின் காலடியில் வைத்தார்.

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒரு நிரபராதி கையை வெட்டியிருப்பேனே" என்றான். பிறகும் பழக்கம் விடவில்லை. "ஆனாலும் மந்திரியாரே, ஒன்றா, வேறா?"

"கடவுளைப் பற்றி இவர்கள் சொல்வது ஒன்றல்ல மன்னா. அதை மழுப்பிச் சொல்ல இந்தப் பெரியவர்களே சம்மதிக்கவில்லை. நான் யார் சொல்ல? ஆனால் ஒருவன் வாசலில் பொய் சொல்ல இன்னொருவனுக்குத் துணிவில்லை. தீர்ப்புச் சொல்ல நமக்கு அது போதும். மிச்சம் உங்கள் செங்கோலுக்கு எட்டாத இடம்."

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரியின் விரலில் போட்டான். இரண்டு வீடும் நிற்கட்டும் என்றான். பிறகு புலவரின் கையை வெட்டச் சொல்லி வாயெடுத்தான்.

"கை வேண்டாம் ராசா" என்று தடுத்தவன் மீரான்.

"அப்படியானால் இந்தப் பருவம் முழுக்க இவர் முத்துக் குளிக்கட்டும். கயிற்றை நீங்கள் இருவரும் பிடியுங்கள்" என்றான் ராஜா.

மறுநாள் நடுக்கடலில், அடிக்கு இறங்குவதற்கான கல்லைக் காலில் கட்டிக்கொண்டு தோணியின் விளிம்பில் நடுங்கினார் வித்தகராயர். "தம்பிகளா, மேலே இழுத்துவிடுவீர்கள்தானே?"

"படைச்சவன் பாத்துக்கிட்டுல்லா இருக்கான்? இழுக்காம என்ன செய்வோம்?" என்றான் மீரான். சந்தியாகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

எந்தப் படைத்தவன் என்று வித்தகராயர் கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதித்தார்.