விசுவாசமாகச் சொறிந்த பிரதானி

மருதங்காட்டு ராஜா உடையணப் பூபதிக்கு உடம்பெல்லாம் சொறி வந்துவிட்டது. சொறிக்கு ராஜா என்ன, ஆண்டி என்ன? செங்கோல் பிடித்த கையே முதுகையும் சொறிய வேண்டியதாயிற்று.

ராஜா சொறிவதைக் கண்டதும் பிரதானி விருப்பணரும் சொறிய ஆரம்பித்தார். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாத மனிதர். ஆனால் எசமான் நெளியும்போது தான் நேராக உட்கார்ந்திருந்தால் மந்திரிப் பதவி என்னாவது? அவரைப் பார்த்துச் சேனாதிபதி சொறிந்தார். சேனாதிபதியைப் பார்த்துப் புலவர் சொறிந்தார். ஒரு மாதத்துக்குள் சபையே குரங்குக் கூட்டம் பேன் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. வெட்கங்கெட்ட கூட்டம்!

சொறியாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். ராஜாவுக்கு விகடம் சொல்லும் அரியநாயகம்.

"பார்த்தீர்களா மகாராஜா?" என்று விருப்பணர் தொடையைச் சொறிந்துகொண்டே கோள் மூட்டினார். "உங்கள் வேதனையில் இந்த ஆளுக்குப் பங்கே இல்லை."

"அரித்தால் சொறியலாம். அரிக்கவில்லையே" என்றார் அரியநாயகம்.

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொறி பிடித்தவனுக்குச் சொறியாதவனைக் கண்டால் ஆகாது.

வைத்தியரின் களிம்பெல்லாம் தீர்ந்தது, சொறி தீரவில்லை. கடைசியில் ராஜா வேப்பங்குளம் பிணிதீர்த்த நாயகி கோயிலுக்குப் புறப்பட்டார். தோல் வியாதி என்றால் அந்த அம்மன்தான் கதி. குளத்தில் வெல்லம் கரைத்து முழுகுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். முடிவில் மடிப்பிச்சை. நோயாளி, தன்னைப்போல் நோயோடு வந்திருக்கும் மற்றவர்களிடம் மடியேந்தி, ஆளுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, அம்மனுக்குப் படைத்துக் குடிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

விருப்பணர் ராஜாவுக்கு முன்னால் ஓடினார். குளக்கரையில் கிடந்த நோயாளிகளை வெளியே விரட்டி, கோபுரக் கதவைச் சாத்தி, குறுக்கே கணையமரத்தைத் தாழாகப் போட்டுவிட்டார். "ராஜமேனியில் கண்டவர் சொறி ஒட்டலாமா?" என்று விளக்கம் வேறு.

அரியநாயகம் வந்து சேர்ந்தபோது கதவுக்கு வெளியே வெயிலில் ஒரு கூட்டமே சுருண்டு கிடந்தது. செம்பாயி என்ற பெண், மேலெல்லாம் புண்ணான கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"ஏஞ்சாமி, எங்க ஆத்தாளையும் ராசா வெலைக்கு வாங்கிட்டாரா?" என்று கேட்டாள். "நாலு ஊரு தாண்டி வந்திருக்கேன். புள்ள கண்ணு தொறக்கல."

அரியநாயகம் குனிந்து குழந்தையைப் பார்த்தார். "கொஞ்சம் பொறு தாயி. மடியில அரிசி இருக்கா?"

"ஒரு முடிச்சு இருக்கு சாமி."

"பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டுத் பெரிய கதவில் காவலாள் திறந்துவிட்ட சின்னத் திட்டிவாசல் வழியே உள்ளே நுழைந்தார்.

அங்கே ராஜா முழுகி, மஞ்சள் பூசி, மேல்துண்டை மடியாக ஏந்தி நின்றிருந்தார். எதிரே விருப்பணர் தலைமையில் சபையோர் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு பிடி அரண்மனைச் சம்பா அரிசி கையில்.

பூசாரி தலையைச் சொறிந்தார். அது நிஜமான குழப்பம். "எசமான், நோயாளி கையாலதான் போடணும். அதான் இங்க வழக்கம்."

"எங்களைப் பார்த்தால் நோயாளியாகத் தெரியவில்லையா?" என்று சீறினார் விருப்பணர். "ஒரு மாதமாக மகாராஜாவோடு சேர்ந்து சொறிகிறோமே, ஊரே பார்க்கவில்லையா?" முழங்கையை ஒரு தடவை சொறிந்தும் காட்டினார்.

"ஐயோ பாவம்!" என்றார் அரியநாயகம். "பிரதானியாருக்கு இவ்வளவு முற்றிவிட்டதா? பூசாரி, முற்றிய சொறிக்கு என்ன செய்வீர்கள்?"

"தலையையும் மீசையையும் மழிச்சு, வேப்பங்கரைசல் குடிக்கக் குடுப்போம். ஒரு மண்டலம் உப்பில்லாக் கஞ்சி. கோயில விட்டு நகரப்படாது."

"நாவிதரைக் கூப்பிடுங்கள். மீசையிலிருந்து ஆரம்பிக்கட்டும்."

விருப்பணரின் கை மீசைக்குப் போயிற்று. "எனக்குச் சொறி இல்லை!" என்று அலறினார். "சத்தியமாக இல்லை மகாராஜா! ஒரு பொட்டு அரிப்புக்கூடக் கிடையாது!"

"அப்படியானால் ஒரு மாதமாகச் சபையில் நடந்தது என்ன?" என்று கேட்டார் ராஜா.

சேனாதிபதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். புலவர் கோபுரத்துப் பொம்மைகளை எண்ண ஆரம்பித்தார்.

ராஜா ஏந்திய மடியோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நிஜமாக அரிக்கிறவன் இங்கே ஒருவன்கூட இல்லையா?" என்றார்.

"இருந்தார்கள் மகாராஜா. பிரதானியார் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். உங்கள் வியாதி தீர வேண்டிய அரிசியும் அவர்கள் மடியில்தான் இருக்கிறது."

கதவு திறந்தது. செம்பாயி முதலில் வந்தாள். மஞ்சளுக்கடியில் சிவந்து கிடந்த ராஜாவின் தோளைப் பார்த்தாள். "அடப்பாவமே, உங்களுக்கும் நம்ம சீக்குதானா?" என்று ஒரு பிடி அரிசியைப் போட்டாள். அப்புறம் யாரையும் கேட்காமல் குழந்தையோடு குளத்தில் இறங்கினாள்.

மற்றவர்களும் ஆளுக்கொரு பிடி போட, ராஜா கஞ்சி காய்ச்சிப் படைத்துக் குடித்தார். அம்மன் கைவிடவில்லை. குழந்தை கண் திறந்து பால் குடித்தது. ராஜாவின் தோலும் ஆறியது. விருப்பணர் பாடுதான் திண்டாட்டம். சொறி இல்லை என்றால் ராஜாவை ஏமாற்றிய குற்றத்துக்கு நாக்கு போகும். உண்டு என்றால் மீசை போகும். அவர் மீசையைக் கொடுத்தார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா அரியநாயகத்திடம்.

"அந்தக் கணையமரத்தைக் கொடுங்கள் மகாராஜா. எங்கள் வீட்டில் அடுப்பெரிக்க ஆகும்."

அன்றிலிருந்து அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது.

ஒரு மண்டலம் கழித்துச் சபை கூடியது. மொட்டைத் தலையும் மழித்த முகமுமாக விருப்பணர் வந்து உட்கார்ந்தார். ராஜா தற்செயலாக ஒரு தும்மல் தும்மினார். பழக்கதோஷம் விடுமா? விருப்பணரின் தலை பின்னால் சாய்ந்தது, வாய் பிளந்தது, மூக்கு விடைத்தது.

"பிரதானியாரே," என்று மெல்லக் கேட்டார் அரியநாயகம், "பூசாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

தும்மல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபையில் ஒருவரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் அந்தக் கோயிலில் வைத்தியம் இருக்குமோ என்ற பயம்தான்.