அலகில் ஒரு மணி

துறைமுகத்துக்குப் பின்னால், உப்பளத்தை ஒட்டி ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு பெரிய பூவரச மரம். அந்த மரத்தில் கருமணி என்ற காக்கை தன் அம்மாவோடும் தம்பியோடும் குடியிருந்தாள்.

அந்த மரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யார் வந்தாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பிறகுதான் கிளையில் கால் வைக்க வேண்டும். எல்லாம் குயில்களால் வந்த வினை! அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. பேசாமல் வந்து உட்கார்ந்து, குயில் ஜோடி முட்டையிட்டுவிட்டுப் போன கதை அங்கே கூட்டுக்கு ஒன்று இருந்தது.

கருமணியின் தம்பிக்குப் பெயர் பொடியன். அப்போதுதான் கண் திறந்த குஞ்சு. இடி என்றால் அவனுக்கு உயிர் போகும். மேகம் லேசாக உறுமினாலே போதும், இறகு முளைக்காத உடம்பைக் கூட்டின் மூலையில் ஒடுக்கிக்கொண்டு நடுங்குவான்.

அதற்குக் கருமணி ஒரு வழி வைத்திருந்தாள். கூட்டில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்று கிடந்தது. இடி இடிக்கும்போது அதை அலகால் தட்டுவாள். ‘டிங்’ என்று சத்தம் வரும். உடனே, “கா! கா! காஅஅ!” என்று இரண்டு குட்டையும் ஒரு நெட்டையுமாகக் கூப்பிடுவாள். பொடியன் அழுகையை மறந்து வாயைப் பிளப்பான். அவள் இரையை ஊட்டிவிடுவாள். அந்த மரத்தில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

ஒருநாள் பெருங்காற்று அடித்தது. வளையல் துண்டு குளத்தில் விழுந்தது. பொடியன் அழுத அழுகையில் ஊரே கூடிவிட்டது.

“அழாதலே! அதைவிடப் பளபளன்னு ஒண்ணு கொண்டாரேன். இந்தா போனேன், இந்தா வந்தேன்!” என்று சொல்லிவிட்டுக் கருமணி துறைமுகத்துக்குப் பறந்தாள்.

ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஏதோ மின்னியது. போய்க் கொத்திப் பார்த்தாள். ஆணி அடித்து இறுக்கிய பித்தளைத் தகடு. விடுவாளா? கொத்தினாள், இழுத்தாள், வைதாள். தகடு அசையவே இல்லை. களைத்துப்போய்த் தலையைத் தூக்கினால், நாலு பக்கமும் கடல்!

செய்தி மரத்துக்கு வந்தது. “வெளிநாட்டு மோகம்! குடும்பத்தை விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டா!” என்று கிளைக்குக் கிளை பேசினார்கள். தம்பிக்காகப் போனவளைப் பேசுகிற பேச்சா இது? “ஐயோ, அங்கே அவள் என்னத்தைத் தின்பாள்?” என்று ஒரு காக்கை கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை!

கப்பல் அவளை ஒரு பாலைவன நாட்டில் இறக்கியது. மரங்களுக்குக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற ஊர் அது. காக்கையைக் கண்டாலே துரத்துவார்கள். கருமணி ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் கிடைத்ததைத் தின்றாள். யாரையும் கூப்பிடாமல், சத்தமே காட்டாமல் தின்றாள். ராத்திரி ஏசி பெட்டியின் மேல் உட்கார்ந்து தூங்கினாள்.

சாயங்காலம் ஆனால் மட்டும் தாங்காது. காலையில் மஞ்சளாகப் பூத்த பூவரசம்பூ இந்நேரம் சிவந்து வாடியிருக்கும் என்று நினைப்பாள். உப்பளக் காற்றின் வாடை நினைவுக்கு வரும். “சுள்ளி எல்லாம் ஒடிஞ்சு விழுது, இதெல்லாம் ஒரு கூடா?” என்று அம்மா புலம்புவது காதில் கேட்கும். அவள் சிநேகிதி துள்ளி என்ற அணில், வேப்பங்கொட்டையைக் கடித்துத் துப்பிக்கொண்டே கதை சொல்வது கண்ணில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் பொடியன்.

அதனால் மின்னுவது எதைக் கண்டாலும் கொண்டுவந்து ஏசி பெட்டியின் அடியில் சேர்த்தாள். ஸ்பூன், சாவி வளையம், சென்ட் பாட்டில் மூடி, செம்புக் கம்பி, சிவப்புக் கயிறு கட்டிய குட்டி மணி, கூடவே துள்ளிக்கென்று ஓடு உடையாத ஒரு பிஸ்தாக் கொட்டை. ஊரில் மூன்று மழைக்காலம் போயிருக்கும். இங்கே ஒரு தூறல்கூட விழவில்லை.

கடைசியில் ஒருநாள், ஊருக்குப் போகிற கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது.

கருமணி தன் குவியலைக் கலைத்துப் பரப்பினாள். அலகு ஒன்று, கால் இரண்டு. மூன்றே சாமான்தான் கொண்டுபோக முடியும். எதை எடுப்பது? எதை விடுவது?

பக்கத்துக் கட்டடத்திலிருந்து மஞ்சமூக்கி என்ற மைனா வந்து எட்டிப்பார்த்தது. அதுவும் ஒரு காலத்தில் கூண்டில் அடைபட்டுக் கப்பலில் வந்ததுதான்.

“ஏட்டி, கடையே வச்சிரலாம் போலிருக்கே! யாருக்கு இதெல்லாம்?”

“அம்மாவுக்குச் செம்புக் கம்பி. இதை வச்சுக் கூடு கட்டினா புயல் வந்தாலும் அசையாது! துள்ளிக்குப் பிஸ்தா. தம்பிக்குத்தான் குழப்பம். ஸ்பூனா, மணியா?”

“தம்பி எவ்வளவு பெருசு?”

“இத்தனூண்டு! உள்ளங்கால்ல அடங்கிருவான்.”

“எப்போ பார்த்த?”

“வரும்போது பார்த்தது.”

மைனா தலையைச் சாய்த்தது. “அப்போ, இப்பவும் இத்தனூண்டுதானா?”

“அவன் பொடியன்! பேரே பொடியன்!”

“பேரு வளராது, ஆள் வளருவான்ல? கப்பல் கிளம்ப இன்னும் நாள் இருக்கு. கடல் தாண்டுற ஆலாப் பறவை ஒண்ணு உங்க ஊர்ப் பக்கம் போகுது. எப்படி இருக்கீங்க, என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுவிடேன்.”

கருமணிக்குச் சுருக்கென்றது. “கேட்டு வாங்குறதுக்குப் பேர் பரிசா? அது சாமான் வாங்குறது! எனக்கு என் தம்பியைத் தெரியாதா? அவனுக்கு எது பிடிக்கும், எதுக்குப் பயப்படுவான், எல்லாம் எனக்குத் தெரியும். உன்கிட்ட கேட்டேனா நான்?”

“கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.”

“ஸ்பூனா மணியான்னுதான் கேட்டேன்!”

“சரிம்மா, மணியையே எடு. எனக்கெதுக்கு வம்பு? ஆனா ஒண்ணு, ஒண்ணுமே இல்லாமப் போனாத்தான் என்ன?”

“வெறுங்காலோடயா? நல்லா சொன்ன! கப்பல்ல போய்ட்டு வந்தவளை ஊர்ல எவனும் முகத்தைப் பார்க்க மாட்டான். முதல்ல காலைத்தான் பார்ப்பான்!”

 அது உண்மையென்று மைனாவுக்கும் தெரியும்.

கப்பல் கிளம்பியது. வழியெல்லாம் கருமணி மூன்று சாமானையும் வயிற்றுக்கடியில் வைத்து அடைகாத்தாள். தன் ஊர்த் துறைமுகம் தெரிந்ததும் செம்புக் கம்பியை ஒரு காலில் மாட்டினாள். மறு காலில் பிஸ்தாவைப் பற்றினாள். மணியின் சிவப்புக் கயிற்றை அலகில் கவ்வினாள். பறந்தாள்.

உப்பளம் தெரிந்தது. குளம் தெரிந்தது. பூவரச மரம் தெரிந்தது! சிறகை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மணி ‘கிலுங் கிலுங்’ என்றது. மரத்தின் சட்டம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அலகில்தான் மணி இருக்கிறதே! ‘இது என் மரம். என்னை யாருக்குத் தெரியாது?’ என்று நேராகக் கிளைக்கு இறங்கினாள்.

“யார் அது?” என்று ஒரு குரல் அதட்டியது.

அகன்ற சிறகும் தடித்த அலகுமாக ஒரு காவல் காக்கை அவள்முன் பாய்ந்தது. அவளுக்கு அடையாளம் தெரியாத ஆள்.

“குரல் கொடு!”

கருமணி தலையை ஆட்டினாள். கிலுங்!

“மணி கட்டின காக்கா! எவனோ வளர்க்கிறது!” என்றது ஒரு கிளை.

“காக்காயாவது! அது குயில்! வாயைத் திறந்தா குட்டு வெளிப்பட்டுரும்னு திறக்க மாட்டேங்குது பாரு!” என்றது மறு கிளை.

அவ்வளவுதான். மரமே எழுந்து வந்தது. முதல் கொத்து காவல்காரனுடையது. முதுகில் விழுந்தது. இறகுகள் பறந்தன. கருமணி அலகை இன்னும் இறுக்கினாள். ‘விடக் கூடாது. இது பொடியனோட மணி. இதுக்காகத்தானே போனேன்!’

அடுத்த கொத்தில் ஒரு கால் வலித்து விரிந்தது. பிஸ்தா விழுந்தது.

“எவம்லே அது கல்லெறியுறது?” என்று குளத்திலிருந்து ஒரு தவளை கத்தியது.

செம்புக் கம்பியும் நழுவி விழுந்தது. கருமணி தண்ணீரை நோக்கித் தாழ்ந்துகொண்டே போனாள். அப்போது உச்சிக் கிளையிலிருந்து ஒரு பழகிய குரல் வந்தது.

“விடாதலே! அடிச்சு விரட்டு!”

அம்மாவின் குரல்!

கருமணிக்கு அந்தக் குரல் கொத்தைவிட வலித்தது. காவல்காரன் அவள் கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்து வந்தான். இனி ஒரு நொடிதான். ‘மணி போனால் வெறுங்கால்காரி. மணியோடு செத்தால் யாரென்றே தெரியாத காக்கை.’

அலகைத் திறந்தாள். மணி குளத்தில் விழுந்தது.

“கா! கா! காஅஅ!”

காவல்காரன் பாய்ந்த வேகத்திலேயே நின்றான். அவனையும் அறியாமல் அவன் தடித்த அலகு விரிந்தது. குஞ்சு வாயைப் பிளப்பதுபோல, ஆகாயத்தைப் பார்த்து விரிந்தது.

கொத்த வந்தவர்கள் கிளைகளுக்குத் திரும்பினார்கள்.

“அக்கா?” என்றான் காவல்காரன்.

“பொடியா?” என்றாள் கருமணி. அந்தப் பெயரைவிட அவன் எவ்வளவோ பெரியவனாக இருந்தான்.

தாழ்ந்த கிளையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கருமணிக்கு மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

“இப்படியா அடிப்ப? யாரு, எவருன்னு ஒரு வார்த்தை கேட்டியாலே?”

“கேட்டேனே! நீ ஒரு வார்த்தை சொன்னியா?”

“வாயில உனக்கு மணி வச்சிருந்தேன்!”

“மணியா கேட்டேன்? குரலைத்தானே கேட்டேன்!”

அம்மா இறங்கி வந்தாள். “காலைக் காட்டுட்டி” என்றாள்.

“எல்லாம் குளத்துல போயிட்டும்மா. ஒண்ணும் மிச்சமில்ல” என்று கருமணி காலை இழுத்துக்கொண்டாள்.

“ரத்தம் வருதுட்டி, காட்டு!” என்று அம்மா காயத்தைத் தன் அலகால் ஒத்தி எடுத்தாள்.

துள்ளி அணிலும் ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “பிஸ்தாவா? எனக்கா? முன்பல்லு ரெண்டும் உடைஞ்சு எத்தனை நாளாச்சு! பழுத்த பழமா பார்த்துச் சப்பிட்டு இருக்கேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லட்டி!”

கருமணி தம்பியைப் பார்த்தாள். “இடிக்கு நீ பயப்படுவியேன்னுதான் மணி கொண்டுவந்தேன்.”

“இப்போ பயம் இல்லக்கா.”

“எப்போ போச்சு?”

“நீ போன மறு மழையில. அழுது பார்த்தேன். நீ வரல. பிறகு அழுது என்ன செய்யன்னு விட்டுட்டேன்.”

கருமணி குளத்தைப் பார்த்தாள். அவள் மணி கொண்டுவந்தது இந்தத் தம்பிக்கு இல்லை. அந்த இத்தனூண்டுப் பொடியன் எப்போதோ போய்விட்டான். அவனுக்காக அவள் கடல் கடந்து சேர்த்துவைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவன் பக்கம் திரும்பி, “இப்போ உனக்கு என்னலே பிடிக்கும்?” என்று கேட்டாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். பூவரசம்பூக்கள் சிவக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை.

அன்று மாலை மேகம் கூடியது. தூரத்தில் இடி உறுமியது. குளத்துக்குள் தவளை எதன்மேலோ மோதியிருக்க வேண்டும். தண்ணீருக்கடியிலிருந்து மெல்ல ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

பொடியன் கிளையில் நகர்ந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தான்.

“பயமில்லன்னியே?”

“பயமில்ல. சும்மாதான்.”

தொலைவில் இருப்பவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று வாய்திறந்து கேட்காமல் வாங்குகிற பரிசு, நம் பழைய நினைவுக்குத்தான் போய்ச் சேருமே தவிர அவர்களுக்குப் போய்ச் சேராது.