காவல் கிளையில் சிலுப்பி

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்தது. ஒரு வீட்டுக் கொல்லையில், மாமரத்தடிச் சருகுகளைத் தவிட்டுக்குருவிகள் கிளறிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கீழே மேயும்போது ஒருவர் மட்டும் கிளையில் காவல் இருக்க வேண்டும். அன்று சிலுப்பியின் முறை.

பொத்தென்று ஒரு பறவை சருகில் வந்து விழுந்தது. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு. வடக்கே குளிருக்குத் தப்பி வந்த ஆறுமணிக்குருவி!

"ஒரே ஒரு ராத்திரி ஒதுங்கிக்கிறேன். இறக்கையைத் தூக்கவே முடியலை," என்றது அது, மூச்சு வாங்க.

"வருஷா வருஷம் இதே பாட்டு! நம்ம புழுவைத் தின்ன வந்துட்டான்!" என்று சீறினார் பெரியண்ணன். கூட்டத்துக்கு மூத்தவர் அவர். வாயும் கொஞ்சம் நீளம்.

கிணற்றுச் சுவரில் படுத்திருந்த சாம்பல் பூனைக்கு மூக்கு வியர்த்தது.

"பெரியண்ணே! எனக்கு அந்த வெளியூர்க்காரன் போதும். உங்க மேல ஒரு நகம் படாது. சாயங்காலம் நான் வரும்போது யாரும் சத்தம் மட்டும் போடாதீங்க!" என்றது பூனை.

"சரி!" என்றார் பெரியண்ணன். கூட்டமும் தலையாட்டியது. வெட்கக்கேடு!

சிலுப்பி கிளையிலிருந்து குரல் கொடுத்தாள். "நான் கத்துவேன்!"

"அவன் என்ன உனக்கு மாமனா, மச்சானா? கத்தினா கூட்டத்துல உனக்கு இடமில்லை!" என்றார் பெரியண்ணன்.

சிலுப்பிக்குப் பயமாகத்தான் இருந்தது. கூட்டத்தை விட்டால் குளிரில் யாரோடு ஒட்டி உட்காருவாள்? ஆனாலும் கிளையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"காவல்னு உட்கார்ந்துட்டு, பூனையைப் பார்க்காத மாதிரி நடிக்க என்னால ஆகாது. அப்புறம் உங்க இஷ்டம்!"

பொழுது சாய்ந்தது. பூனை பம்மிப் பம்மி வந்தது. ஆறுமணிக்குருவி அசந்து கண்மூடிக் கிடந்தது. பெரியண்ணனோ வேடிக்கை பார்க்க முன்னாலேயே வந்து நின்றுகொண்டார். பூனைதான் வாக்குக் கொடுத்திருக்கிறதே!

"பூனை! பூனை! எழுந்திரு!" சிலுப்பி தொண்டை கிழியக் கத்தினாள்.

ஆறுமணிக்குருவி துள்ளி எழுந்து, துவைக்கிற கல்லுக்கு அடியில் நுழைந்துகொண்டது. ஏமாந்த பூனை சட்டென்று திரும்பியது. பக்கத்திலேயே கொழுகொழுவென்று பெரியண்ணன்! ஒரே தாவல்!

"ஐயோ! நீ குடுத்த வாக்கு என்னாச்சு?"

"வாக்கா? எனக்குப் பசிக்குதுடா!"

சிலுப்பி கத்தியதோடு நிற்கவில்லை. விருட்டென்று இறங்கிப் பூனையின் காதிலேயே கொத்தினாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் ரோஷம் வந்தது. கூட்டம் மொத்தமும் கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்தது. பூனை விட்டால் போதுமென்று ஓடியது. அதன் வாயில் மிஞ்சியது பெரியண்ணனின் வால் இறகுகள்தான்.

இருட்டுவதற்குள் எல்லோரும் கிளையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். சிலுப்பி மட்டும் கிளை நுனியில் தனியாக இருந்தாள். வாலில்லாத பெரியண்ணன் தள்ளாடியபடி நகர்ந்து நடுவில் இடம் விட்டார்.

"இங்க வா தங்கச்சி," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பிள்ளையையும் கூப்பிடு. கல்லுக்கடியில ஈரமா இருக்கும்," என்றார்.

அடுத்தவருக்கு வரும் ஆபத்தைக் கண்டும் வாயை மூடிக்கொள்பவர், அதே ஆபத்துக்குத் தம் வீட்டுக் கதவையும் திறந்துவிடுகிறார்.