ஏணிக் கம்பெனி சர்டிபிகேட் வாங்கிய கதை

ஏழுகரைக்குத் தெற்கே, புளியமரங்கள் முடிகிற இடத்தில் ஒரு ஏணிக் கம்பெனி. அலுமினிய ஏணி செய்வார்கள். முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி, மேனேஜர் சங்கரபாண்டி, அவர்களுக்குக் கீழே ஏழு பேர். கடவுள் மூளை பங்கு வைத்த அன்றைக்கு இந்த ஒன்பது பேரும் சேர்ந்து லீவு போட்டுவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தங்கமான மனுஷர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வம்பே அதுதான்.

அங்கே கூரையில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் டிரம் மேல் டிரம் அடுக்கி, அதன் மேல் நாற்காலி போட்டு ஏறுவார்கள். "இத்தனை ஏணி கிடக்கே, அதுல ஏறக் கூடாதாவே?" என்று ஒருவர் கேட்டதற்கு, அந்த ஏழு பேரில் ஒருவனான மாடக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது விக்கிற சரக்கு. அல்வாக் கடைக்காரரு நாள் பூரா அல்வாவா தின்னுக்கிட்டு இருக்காரு?" என்று கேட்டான்.

மூன்று மாதமாக ஒரு ஏணிகூட விற்கவில்லை. அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து ஒரு பெரிய குடோன் கம்பெனியின் கடிதம் வந்தது. நூறு ஏணி வேண்டுமாம். இருபதாம் தேதி அவர்களுடைய அதிகாரி வருவாராம். ஆட்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் என்பதற்குச் சர்டிபிகேட் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடுமாம்.

அண்ணாச்சி எல்லோரையும் கூட்டி வைத்து, "இந்த ஆர்டர் கை நழுவிச்சுன்னா கம்பெனியைப் பூட்டிட்டு அவங்கவங்க வீட்டைப் பாத்துப் போக வேண்டியதுதான்" என்றார். அங்கே வேலை பார்க்கிற இசக்கியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. "இந்த வயசுல என்னைய வேற எவன் அண்ணாச்சி வேலைக்கு வைப்பான்?" என்றாள்.

பயிற்சிக்கென்றே இப்போது கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர் வந்திருக்கிறது, அதுவே பாடம் நடத்தி, அதுவே பரீட்சை வைத்து, அதுவே சர்டிபிகேட்டும் கொடுத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். நாகர்கோவிலில் அதை விற்கிற ஜெபசிங் என்ற பையனை வரவழைத்தார்கள். அண்ணாச்சி அவனுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு விசாரித்தார்.

"தம்பி, இதை எந்த மாதிரிக் கம்பெனிகள்லாம் வாங்குதாங்க?"

பையன் பொய் சொல்லத் தெரியாதவன். விற்பனை வேலைக்கு எப்படி வந்தானோ! "வெளியூர்ல கிளை உள்ள கம்பெனி வாங்குவாங்க அண்ணாச்சி. ஆளுங்க அடிக்கடி வேலையை விட்டுப் போயி, புது ஆளுங்க வார கம்பெனி வாங்குவாங்க. விபத்து நடக்கிற கம்பெனிகளும் வாங்குவாங்க. உங்களை மாதிரி ஒம்பது பேருக்கு இது தேவையே இல்லை. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வச்சாப் போதும்."

அவன் போனதும் கம்பெனியில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தியாவே, நமக்குத் தகுதி இல்லைங்கான்" என்றார் சங்கரபாண்டி.

"கிளை இல்ல, ஓடிப்போற ஆளும் இல்ல, விபத்தும் இல்ல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்தத் தம்பிகிட்ட போயி நிக்கிறது?" என்றாள் இசக்கியம்மாள்.

அண்ணாச்சி எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். "இருபதாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் கிடக்கு. தகுதியை உண்டாக்குவோம்" என்றார்.

முதலில் கிளை. ஷெட்டுக்குப் பின்னால், கிணற்றடியில் 'மும்பை கிளை' என்று போர்டு மாட்டினார்கள். இசக்கியம்மாளை அங்கே மாற்றி ஆர்டர் அடித்தார் சங்கரபாண்டி. கிளம்புகிற அன்றைக்கு மாலை போட்டு, புளியோதரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மாடக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போய்ச் சேந்ததும் லெட்டர் போடுக்கா" என்றான். நாற்பது எட்டு எடுத்து வைத்து அவள் மும்பை போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் மாடக்கண்ணுவுக்குச் சுத்தியல் தேவைப்பட்டது. அது மும்பையில் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிந்தது. கையை நீட்டப் போனவனைச் சங்கரபாண்டி அதட்டினார். "என்னலே செய்யுத? கிளைக்கு முறைப்படி கடுதாசிதான் போடணும்." கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போட்டார்கள். அது பாளையங்கோட்டை போய்ச் சுற்றி நான்காம் நாள் மும்பைக்கு வந்தது. இசக்கியம்மாளும் உடனே பதில் போட்டாள். 'சுத்தியல் பார்சலில் வருகிறது. இங்கே நல்ல மழை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதியிருந்தாள். தலைமை அலுவலகத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"வடக்க அப்படித்தான்" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது, ஆட்கள் வேலையை விட்டுப் போவது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஏழு பேரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மும்பைக் கடிதம் முன்கூட்டியே தபாலில் வந்திருந்தது. சங்கரபாண்டி எல்லாவற்றையும் வாங்கி, தன்னுடையதையும் மேலே வைத்து அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாரும் போனப்பெறவு நான் மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று அவரும் ஒன்று எழுதித் தன் மேஜை மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

திரும்ப வேலைக்குச் சேரலாம் என்று பார்த்தால், சேர்த்துக்கொள்ள உள்ளே ஆள் இல்லை.

"அண்ணாச்சி, வேலை காலி இருக்கா?" என்று கேட்டான் மாடக்கண்ணு.

"எனக்கென்னலே தெரியும்? நானே வேலை தேடித்தான் நிக்கேன்" என்றார் அண்ணாச்சி.

மத்தியானம் மூன்று மணிவரை ஒன்பது பேரும் கேட்டுக்கு வெளியே வெயிலில் வரிசையில் நின்றார்கள். சைக்கிளில் டீ விற்கிற காதர் மைதீன் வந்து பார்த்துத் திகைத்துப் போய், "இங்க நின்னு என்னவே செய்யுதீங்க? உள்ள போயி வேலையைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். ஒன்பது பேரும் அவருக்குக் கும்பிடு போட்டு உள்ளே ஓடினார்கள். வேலை போட்டுக் கொடுத்தவர் ஆயிற்றே! அதற்குப் பிறகு ஒரு வாரம் அண்ணாச்சி அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

கடைசியாக விபத்து. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாடக்கண்ணு ஏணியிலிருந்து விழுவதாக முடிவானது. பத்தே முக்காலுக்கு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, பயிற்சி இல்லாம விழுந்தா அடி படாதா?"

"நியாயம்தான். பயிற்சி எடுத்துட்டு விழு."

"பயிற்சிக்கு அந்தச் சாப்ட்வேர் வேணுமே."

"அதை வாங்கணும்னா நீ முதல்ல விழணுமே."

இதை மூன்று மணி நேரம் பேசினார்கள். ஒருவருக்கும் வழி தெரியவில்லை. நல்லவேளையாக, பேசிவிட்டு எழுந்த சங்கரபாண்டி தரையில் படுக்க வைத்திருந்த ஏணியில் கால் தடுக்கிக் குப்புற விழுந்து, முன்பல் ஒன்றைத் துப்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கரபாண்டியும் வாயைப் பொத்திக்கொண்டே கைதட்டினார். ஒரு கையால் எப்படித் தட்டினார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜெபசிங்கைத் திரும்ப வரவழைத்துப் போர்டு, ராஜினாமாக்கள், பல் என்று வரிசையாகக் காட்டினார்கள். பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, வாங்குறவங்க எப்படி இருப்பாங்கன்னுதானே சொன்னேன்? வாங்குறதுக்கு இப்படி ஆகணும்னா சொன்னேன்?"

"அப்போ பல்லு பத்தாதா தம்பி?" என்று கேட்டார் சங்கரபாண்டி.

பையனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு மாதத்துக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

படிப்பு ஆரம்பமானது. 'பாடம் முடியும்வரை இடத்தை விட்டு எழக் கூடாது' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. ஏழு மணி நேரம் ஒன்பது பேரும் இருட்டுத் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சையில் ஒன்பது பேரும் நூற்றுக்கு நூறு! ஒரு எழுத்து விடாமல் நெட்டுருப் போட்டிருந்தார்கள். ஜெபசிங்கே போனில் அசந்துபோனான். அவன் விற்ற பெரிய பெரிய கம்பெனிகளில்கூட இப்படி ஒருத்தரும் வாங்கியதில்லையாம்.

இருபதாம் தேதி அந்த அதிகாரி, கோமளவல்லி மேடம், மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஒன்பது சர்டிபிகேட்டையும் புரட்டிப் பார்த்தார். மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு, "ஏணியை நிறுத்தினதும் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

மாடக்கண்ணு விறைப்பாக நின்று ஒப்பித்தான். "நிறுத்திய ஏணியின் அடியில் பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ஏணியைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது!"

"பிரமாதம்!" என்றார் மேடம். அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். இசக்கியம்மாள் மும்பையிலிருந்து ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வீட்டிலும் அன்றைக்குப் பாயசம்.

மதுரைக்காரர்கள் கேட்ட அளவில் முதல் ஏணி தயாராகி லாரியில் ஏறியது. மதுரையில் அதை நிறுத்துவார்கள். அடியில் பிடிக்க ஆள் வேண்டுமே? மாடக்கண்ணு கூடவே ஏறிப் போனான். இரண்டாவது ஏணியோடு இசக்கியம்மாள் போனாள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒருவராக, எட்டாவதோடு சங்கரபாண்டியும் போய்ச் சேர்ந்தார். ஒன்பதாவது ஏணியை அண்ணாச்சி தானே செய்து, தானே லாரியில் ஏற்றி, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு வாரம் கழித்துக் கோமளவல்லி மேடம் குடோனுக்கு வந்தார். ஒன்பது ஏணிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி இது? மிச்சம் தொண்ணூற்றொரு ஏணி எங்கே?" என்று சத்தம் போட்டார்.

அண்ணாச்சிக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறு கையிலிருந்த போனைக் காட்டினார்.

"அதைத்தான் மேடம் நானும் கேக்கேன். ரெண்டு வாரமாக் கம்பெனிக்குப் போன் அடிக்கேன். ஒரு பயலும் எடுக்க மாட்டேங்கான்."

பக்கத்து ஏணியிலிருந்து சங்கரபாண்டி பல்லைக் கடித்தார். "நாம ரெண்டு பேரும் இங்க இருக்கோம்ங்கிற தைரியம் அண்ணாச்சி. ஊருக்குப் போனதும் ஏழு பேரு சம்பளத்துலயும் பிடிச்சிருவோம்."

"கட்டாயம் பிடிக்கணும்" என்றார்கள் ஏழு பேரும்.