மன்னரின் பசியை அளந்த வைத்தியர்

முன்னொரு காலத்தில் வெண்குன்றம் என்ற சீமையை வீரமழவர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். இந்த நாழிகை கோபம், அடுத்த நாழிகை சிரிப்பு, அப்படியொரு மனிதர். விடிந்ததும் வாயில் வெற்றிலை இல்லையென்றால் அன்றைக்கு அரண்மனையே நடுங்கும்.

வெற்றிலை மடித்துக் கொடுப்பவள் செங்கமலம். ஒரு வருஷமாக அவளுக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் கட்டையாக விறைத்துக் கிடக்கும். பாக்குவெட்டியை அமுக்க வராது. வெயில் ஏறித்தான் இளகும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெற்றிலை தாமதமானது.

மன்னர் அரண்மனை வைத்தியர் அனந்தபத்மரை அழைத்தார். செங்கமலத்தின் பேச்சை மன்னர் ரசிப்பது வைத்தியருக்கு வெகுநாள் எரிச்சல். உச்சிவேளையில் வந்து அவள் விரல்களை அமுக்கிப் பார்த்தார்.

"இரண்டு கணுவில் கொஞ்சம் வீக்கம், அரசே. லேசான வாதம்தான். மிச்சமெல்லாம் நடிப்பு."

"உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, ஐயா."

"அதை நீ சொல்லாதே. நாடி பார்த்து நான் சொல்கிறேன்."

"நாளையோடு உனக்கு இங்கே வேலை இல்லை" என்றுவிட்டார் மன்னர்.

 செங்கமலம் கும்பிட்டாள். "உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு வேண்டுதல். நாளை ஒருநாள் தங்கள் பசியையும் வைத்தியரே நாடி பார்த்துச் சொல்லட்டும். அவர் சொன்ன அளவே பரிமாறட்டும்."

"அதற்கென்ன!" என்று வைத்தியர் மீசையைத் தடவினார். மன்னருக்கும் வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் காலை வைத்தியர் நாடி பிடித்து, வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "லேசான பசி. இரண்டு இட்லி போதும்."

மதியம், "வயிறு ஒட்டவே இல்லை. ஒரு கைப்பிடி சோறு."

"இன்னும் பசிக்கிறதே, ஐயா!"

"அது மனப்பிரமை, அரசே. நாடியில் ஒன்றும் தெரியவில்லையே."

சாயங்காலம் மன்னர் சபையில் எழுந்து நின்றே கத்தினார். "பசி என் வயிற்றில் இருக்கிறது! அது எவ்வளவு என்று எனக்குத் தெரியுமா, உமக்குத் தெரியுமா?"

 செங்கமலம் மெல்லக் கைகளை நீட்டினாள். "வலி என் விரலில் இருக்கிறது, மகாராஜா."

மன்னர் அந்த விரல்களையே பார்த்தார். பிறகு அரண்மனை அதிரச் சிரித்தார். "முதலில் எனக்குச் சோறு போடுங்கள்!" வாய் நிறையச் சோற்றோடு தீர்ப்பும் சொன்னார். "செங்கமலம், வேலை உனக்குத்தான். பாக்கு வெட்ட வேறு ஆள் வைக்கிறேன். வெற்றிலை வெயில் ஏறியே வரட்டும். உன் புத்திக்கு இந்த முத்துமாலை. வைத்தியரே, நாளை விடியும்போது இவள் வீட்டுக்குப் போம். நாடியைத் தொடும் முன் இவளைக் கேளும்!"

மறுநாள் விடியும்போது வைத்தியர் முகம் சுருங்கித்தான் அவள் வீட்டுக்குப் போனார். செங்கமலம் ஒளிக்காமல் சொன்னாள்: கதவுத் தாழை முழங்கையால் தள்ளுவது, கூந்தல் முடியத் தங்கையைக் கூப்பிடுவது, ஒரு வேலையும் செய்யாமலே உடம்பு துவண்டுபோவது. கேட்கக் கேட்க அவர் தலை குனிந்தது. அன்றே மருந்தை மாற்றினார்.

இரண்டு மாதம் கழித்து அவள் கேட்டாள், "வலியே இல்லை, ஐயா. கஷாயத்தை நிறுத்திவிடட்டுமா?"

வைத்தியர் அவள் விரலை மெதுவாக அமுக்கினார். "வலி போய்விட்டது என்று நீ சொன்னால் நான் நம்புகிறேன், அம்மா. வீக்கம் போகவில்லை என்று நான் சொல்வதை நீ நம்பு."

செங்கமலம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஷாயத்தைக் குடித்தாள்.