கயிற்றுச் சேந்தனும் மூன்றாம் ஓலையும்

வாருங்கள், இப்படி நெருங்கி உட்காருங்கள். பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் அப்பாமாரே, அம்மாமாரே, இது உங்களுக்கான கதை. படிக்கப் போகிற பிள்ளைகளே, நீங்களும் கேட்கலாம். காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம், இந்தக் கதையில் திட்டு வாங்கப்போவது நீங்கள் மட்டும் இல்லை.

பாண்டியன் கொடியில் மீன் புதுசாகத் துள்ளிக்கொண்டிருந்த காலம். தென்கடலோரம் சங்குத்துறை என்று ஓர் ஊர். அங்கே இருந்ததெல்லாம் முத்துக் குளிக்கிற ஜனம். அந்த ஜனத்தில் சேந்தன் என்று ஒருவன் இருந்தான். அவன் கடலில் குதிக்கிறவன் இல்லை, தோணியில் நின்று கயிறு பிடிக்கிறவன்.

கயிறு பிடிப்பது என்ன பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். கடலுக்கடியில் சிப்பி பொறுக்குகிறவனின் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை, மேலே தோணியில் இவன் கையில் மறுமுனை. கீழே இருப்பவன் உயிர் மேலே இருப்பவன் உள்ளங்கையில். சேந்தன் இருபது வருஷம் கயிறு பிடித்தான். ஓர் ஆளைக்கூடக் கடலுக்குக் கொடுத்ததில்லை. குரலும் அதற்கேற்ற குரல். இந்தத் தோணியில் நின்று ஒரு சத்தம் போட்டால், அந்தக் கோடியில் கிடக்கிற தோணியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

சேந்தனுக்கு வெண்ணி என்று மனைவி. அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவள். அவர்களுக்கு ஒரே மகன், பெயர் பண்ணன், வயது பதினேழு. பண்ணனுக்கு நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லுகிற வித்தையில் ஆசை. அதைக் கற்றுக்கொடுக்கிற பெரிய கல்விச்சாலை பூம்பொழில் பட்டினத்தில் இருந்தது. மூன்று நாள் நடை. படித்து முடிக்கிறவரை சோறு, துணி, ஆசிரியருக்குச் சம்பளம் எல்லாம் சேர்த்து நாற்பது பொன் ஆகும் என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பத்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது சரியாக நாற்பது பொன் இருந்தது. அதை ஒரு துணிப்பையில் முடிந்து, மொத்தமாகப் பையன் கையில் கொடுத்தான் சேந்தன்.

கொடுத்தவன் சும்மா கொடுத்தானா? புத்திமதியை ஆரம்பித்தான். ஆற்றில் இறங்காதே. கூத்துப் பார்க்கப் போகாதே. கடைத்தெருவில் நிற்காதே. கண்டவனோடு பேசாதே. இப்படியே போய்க் கடைசியில், "இதில் ஒரு பொன்னைத் தொலைத்தாலும் என் முகத்தில் முழிக்காதே!" என்றான். வீட்டு வாசலில் ஒருதரம் சொன்னான். ஊர் எல்லையில் ஒருதரம் சொன்னான். உப்பு வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டி நகர்ந்த பிறகும் பின்னாலேயே ஓடி ஒருதரம் சொன்னான்.

"பிள்ளை படிக்கப் போகிறானா, சிறைக்குப் போகிறானா?" என்றாள் வெண்ணி.

"நீ சும்மா இரு. நாலு வார்த்தை சொன்னால்தான் உறைக்கும்" என்றான் சேந்தன்.

நாலு வார்த்தையாம்! நாற்பது பொன்னுக்கு நானூறு வார்த்தை சொல்லியிருந்தான். அதில் பையன் காதில் தங்கினது கடைசி வார்த்தை ஒன்றுதான்.

மூன்று மாதம் போனது. முதல் ஓலை வந்தது. "அப்பா, சுவடி வாங்க மூன்று பொன் வேண்டும்" என்று எழுதியிருந்தான். சேந்தனுக்குச் சுருக்கென்றது. மூன்று பொன்னை அனுப்பினான். கூடவே, "நான் கொடுத்த பணம் எங்கே? எதற்குச் செலவழித்தாய்? யாரைக் கேட்டுச் செலவழித்தாய்?" என்று வெண்ணியை எழுதச் சொன்னான்.

இரண்டாம் ஓலை வந்தது. "காய்ச்சல், வைத்தியருக்கு ஐந்து பொன் வேண்டும்" என்று இருந்தது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கி ஐந்து பொன்னை அனுப்பினான். கூடவே, "வெயிலில் சுற்றினாயா? யாரோடு சுற்றினாய்? சொன்னேனா இல்லையா?" என்று எழுதச் சொன்னான்.

மூன்றாம் ஓலை வந்தது. "நான் நலம். பணம் வேண்டாம். என்னைப் பார்க்க யாரும் வர வேண்டாம்." அவ்வளவுதான்.

சேந்தன் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தாயா! நான் போட்ட போட்டில் பையன் வழிக்கு வந்துவிட்டான்" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.  வெண்ணி ஓலையை மறுபடி வாசித்தாள். அப்புறம் புருஷன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒன்று கேட்கிறேன், சொல்லுங்கள். கடலுக்குள் இருக்கிறவன் கயிற்றைச் சுண்டினால் என்ன செய்வீர்கள்?"

"மேலே தூக்குவேன்."

"எதற்காகச் சுண்டினாய், முத்து எடுத்தாயா இல்லையா என்று கேட்க மாட்டீர்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? முதலில் ஆள் மேலே வரணும். கேள்வியெல்லாம் அப்புறம். இந்தக் கரையில் அதுதானே வழக்கம்."

"சுண்டவே இல்லை. கயிறு சும்மா தொய்ந்து கிடக்கிறது. அப்போது?"

 இருபது வருஷத்தில் சேந்தன் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். மூச்சு முட்டிப்போனவனுக்குக் கயிற்றைச் சுண்டக்கூடத் தெம்பு இருக்காது.

"உங்கள் மகன் இரண்டு தரம் சுண்டினான். இரண்டு தரமும் நீங்கள் கேள்வி கேட்டீர்கள். இப்போது தொய்ந்து கிடக்கிறது" என்றாள் வெண்ணி. 

சேந்தன் எழுந்தான். தோளில் துண்டைப் போட்டான். போட்ட சோற்றைத் தொடக்கூட இல்லை.

மூன்று நாள் வழியை இரண்டு நாளில் நடந்தான். முதல் காததூரத்தில் கோபம் வந்தது. பையனை எப்படியெல்லாம் திட்டுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். அதற்கடுத்த காததூரத்தில் பயம் வந்தது. அப்புறம் கோபமும் போனது, பயமும் போனது, பிள்ளை முகத்தைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது.

கல்விச்சாலையில் விசாரித்தான். "பண்ணனா? அவன் பாடத்துக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறதே! துறைமுகப் பக்கம் கண்டதாகச் சொன்னார்கள்" என்றார்கள்.

துறைமுகத்துக்கு ஓடினான். அங்கே ஒரு பெரிய கப்பல் புறப்படத் தயாராக நின்றது. ஏறுவதற்கு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையில் ஐந்தாவது ஆளாகக் கையில் மூட்டையோடு பண்ணன் நின்றான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பெற்றவனுக்கே அடையாளம் தெரியாதபடி நின்றான். பக்கத்தில் பட்டுத் துண்டும் மார்பு நிறைய மணிமாலையுமாக ஒருவன், கையில் நாலைந்து ஓலைகளை வைத்துக்கொண்டு நின்றான்.

அப்பனைப் பார்த்ததும் பையன் தலை தொங்கிப்போயிற்று.

கேளுங்கள், இதுதான் இடம். சேந்தனுக்கு நாக்கு நுனியில் மூன்று கேள்வி வந்து நின்றது. பணம் எங்கே? படிப்பு எங்கே? உன் புத்தி எங்கே? இரண்டு நாள் பசி, பத்து வருஷச் சேமிப்பு, பார்க்கிற ஜனம், எல்லாம் சேர்ந்து அந்தக் கேள்விகளை நெட்டித் தள்ளின. மூன்றையும் அவன் விழுங்கினான். விழுங்கிவிட்டு, "சாப்பிட்டாயா, மக்கா?" என்றான்.

அவ்வளவுதான், பையன் உடைந்துவிட்டான். பெரிய ஆள் போல வளர்ந்தவன், அப்பன் தோளில் விழுந்து ஓவென்று அழுதான். அழுகைக்கு நடுவே எல்லாம் வெளியே வந்தது.

பட்டுத் துண்டுக்காரன் பெயர் மணிமார்பன். கல்விச்சாலை வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்துப் பழகினானாம். "பானையில் மூடி வைத்தால் பொன் குட்டி போடுமா, தம்பி? என் கப்பல் கடாரத்துக்கு மிளகு கொண்டுபோகிறது, நீயும் ஒரு கை போடு" என்றானாம். முதலில் ஐந்து பொன் கொடுத்ததற்குப் பத்தே நாளில் ஆறாகத் திருப்பிக் கொடுத்தான். அடுத்துப் பதினைந்து கொடுத்தபோது, கப்பல் வந்துகொண்டிருக்கிறது என்றான். கப்பல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, மிச்சத்தையும் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து வரும் என்றான். மிச்சமும் போயிற்று, வீட்டிலிருந்து வந்த எட்டும் போயிற்று. அது போதாமல் அவனிடமே இருபது பொன் கடன் வாங்கியதாக ஓலையில் எழுதிக் கொடுத்தாயிற்று. கடனுக்கு ஈடாக மூன்று வருஷம் கப்பலில் துடுப்புத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் மணிமார்பன் மறக்காமல் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "வீட்டில் சொல்லிவிடாதே."

"அவன் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் அப்பா. உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?" என்றான் பண்ணன்.

சேந்தனுக்கு ஈட்டியால் குத்தினது மாதிரி இருந்தது. அது தன் வாயிலிருந்து போன வார்த்தை. அந்த வார்த்தையைத்தான் மணிமார்பன் பூட்டாகப் போட்டுப் பிள்ளையை உள்ளே வைத்திருக்கிறான். சேந்தனும் அழுதான். துறைமுகத்தில் அத்தனை பேர் பார்க்க அழுதான், வெட்கப்படவில்லை.

மணிமார்பன் பக்கத்தில் வந்தான். பேச்சில் தேன் ஒழுகியது. "பெரியவரே, பதறாதீர்கள். ஓரமாக வாருங்கள், ரகசியமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம். இருபது பொன்னுக்கு நீங்கள் ஓர் ஓலை எழுதிக் கொடுங்கள், பையனை விட்டுவிடுகிறேன். வெளியே தெரிந்தால் பையனுக்குத்தானே மானக்கேடு? ரகசியமாக இருக்கட்டும்."

சேந்தன் யோசித்தான். இவன் சொல்லுகிற மிளகும் பொய், சுங்கமும் பொய். ரகசியம் என்கிற ஒன்றுதான் இவன் நிஜமாகவே கேட்கிறது. அதைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?

பக்கத்தில் கிடந்த மூட்டை அடுக்கின்மேல் விறுவிறுவென்று ஏறினான். கடல்மேல் போடுகிற அந்தக் குரலை எடுத்தான்.

"பூம்பொழில் ஜனங்களே! நான் சங்குத்துறைச் சேந்தன்! இதோ நிற்கிறான் என் மகன்! நல்ல பிள்ளை, ஏமாந்துவிட்டான்! மிளகுக் கப்பல் என்று சொன்ன இந்த மணிமார்பனிடம் நாற்பது பொன்னைக் கொடுத்துவிட்டான்! எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை! உங்களில் வேறு யாராவது கொடுத்தீர்களா?"

"அப்பா, மெதுவா, மெதுவா!" என்று பண்ணன் காலைப் பிடித்து இழுத்தான். சேந்தன் கேட்டால்தானே! இரண்டாம் தரம் கூவினான். மூன்றாம் தரம் கூவினான்.

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வரிசையில் மூட்டையோடு நின்ற இன்னொரு பையன் கையைத் தூக்கினான். "நானும் கொடுத்தேன்." அவனுக்குப் பின்னால் நின்றவன் அவனைப் பார்த்தான். "அட, நீயுமா? நானும்தான்!" மீன் விற்கிற பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என் மகளும் காதணியைக் கழற்றிக் கொடுத்தாள் ஐயா" என்றாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தொண்டை கனைத்தது. பார்த்தால், கல்விச்சாலையில் வானநூல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்! "நான்... நானும் ஏழு பொன்..." என்று மென்று விழுங்கினார். நட்சத்திரத்தை எல்லாம் எண்ணியவர், பாவம்!

ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வாயும் இப்போது ஒரே நேரத்தில் திறந்தது. சத்தம் கேட்டுக் கப்பல் தலைவன் எட்டிப் பார்த்தான். "மிளகா? இந்த ஆளுக்கு ஏது கப்பல்? துடுப்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்துத் தலைக்கு இரண்டு பொன் என்னிடம் வாங்குகிறவன்" என்றான். மணிமார்பன் பட்டுத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான். துறைக் காவலர் மூன்றே எட்டில் பிடித்தார்கள். துறை அதிகாரி வந்து விசாரித்து, ஏமாற்றி வாங்கிய ஓலை செல்லாது என்று எல்லார் எதிரிலும் கிழித்துப் போட்டார்.

பணம் முழுதும் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. பிள்ளை முழுதாகத் திரும்பி வந்தான், அது போதாதா?

இரண்டு பேரும் சோற்றுக்கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பையன் ரசம் ஊற்றிக்கொள்ளும்போதுதான் சேந்தன் கேள்வியை ஆரம்பித்தான். எல்லாவற்றையும் கேட்டான். நன்றாகத் திட்டவும் திட்டினான். பையன் வாயில் சோற்றோடு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

"நான் ஊருக்கே வந்துவிடுகிறேன் அப்பா."

"படிப்பு உன்னை என்ன செய்தது? ஒழுங்காக உட்கார்ந்து படி. இனிமேல் பணத்தை மொத்தமாகத் தர மாட்டேன், அது என் தப்பு. மாதா மாதம் உப்பு வண்டியில் வரும். லாபம் லேசாக வரும் என்று யாராவது சொன்னால் நாலு பேரிடம் கேள். இப்போதே கொடு என்று அவசரப்படுத்தினால் நாளைக்கு என்று சொல்லு. வீட்டில் சொல்லாதே என்றால், அன்றைக்கே வீட்டில் சொல்லு. நீ என்ன செய்திருந்தாலும் முதலில் வந்து உன் பக்கத்தில் நிற்பேன். திட்டு அப்புறம் உண்டு, அதை மட்டும் விடமாட்டேன்."

பண்ணன் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தான்.

நாலு மாதம் கழித்து வீட்டுக்கு ஓர் ஓலை வந்தது. வெண்ணி வாசித்தாள். "அப்பா, நேற்று ஒருவன் பாதி விலைக்குப் பவளம் தருகிறேன் என்றான். நாலு பேரைக் கேட்டேன், அத்தனையும் சாயம் போட்ட கல்லாம். வாங்கவில்லை. ஆனால் தேர்த் திருவிழாவில் சேக்காளிகளோடு அதிரசமும் பணியாரமும் தின்றே இந்த மாதப் பணத்தில் பாதியைத் தீர்த்துவிட்டேன். அதற்கு யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானேதான். திட்டுவதானால் திட்டுங்கள்."

சேந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னொரு தரம் வாசி" என்றான். மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். அப்புறம் கடற்கரைக்குப் போய், வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "என் மகன் பணியாரம் தின்றே பணத்தைத் தீர்த்துவிட்டானாம், தானாக எழுதியிருக்கிறான்!" என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். கேட்டவர்களுக்கு இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பெற்றவரே, பிள்ளைகளே, கதை சொல்லும் நீதி இதுதான்: தப்புச் செய்த பிள்ளை பயமில்லாமல் முதலில் வந்து சொல்லக்கூடிய இடமாகப் பெற்றவர் இருந்தால், எந்த வஞ்சகனாலும் அந்தப் பிள்ளையை வெகுதூரம் கொண்டுபோக முடியாது.